நீலகிரிக் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்: மாற்றத்தைக் கேட்டு மதிப்பெண் கொடுங்கள்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், இறுதியாண்டு புராஜெக்ட் செய்யவிருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் இருந்தபடியே மென்பொருள் எழுதி வாழ்பவன் நான். உங்கள் துறைகளிலிருந்து வெளிவரும் இளைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. அவர்களிடம் அறிவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் டிசைன் பேட்டர்ன் என்று வகுப்பறையில் நாம் வழங்கும் வடிவமைப்புப் பாங்குகள், அதாவது நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்கள், அவர்களுக்குக் கற்பிக்கப்படும் விதத்தில் ஒரு பெருங்குறை இருக்கிறது என்று கருதுகிறேன். இருபத்து மூன்று பாங்குகளின் பெயர்களையும் அவற்றின் படங்களையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், அவற்றில் எது எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். எனவே உங்களிடம் என் முதல் கோரிக்கை இது: புராஜெக்ட்டின் வாய்மொழித் தேர்வில் ‘எந்தெந்தப் பேட்டர்னைப் பயன்படுத்தினீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, நடக்கக்கூடிய ஒரு மாற்றத்தைச் சொல்லி, ‘இது நாளை வந்தால் உங்கள் நிரலில் எந்தக் கோப்பை, எத்தனை இடங்களில் தொட வேண்டியிருக்கும்’ என்று கேளுங்கள்.

இந்தப் பாங்குகள் எங்கிருந்து வந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1977-இல் வெளியிட்ட நூலில் ஊர், தெரு, வீடு, சன்னல் எனப் பல அளவுகளில் 253 பாங்குகளைத் தொகுத்தார்கள். ஒவ்வொன்றிலும், மக்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஒரு சிக்கல் முதலில் விவரிக்கப்பட்டு, அதற்கான தீர்வு பிறகே வந்தது. அந்த எண்ணத்தை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர்களில் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் முக்கியமானவர்கள். 1994-இல் வந்த அவர்களுடைய நூலில் 23 பாங்குகள் உள்ளன. ஒவ்வொரு பாங்குக்கும் அதன் நோக்கம், அது பொருந்தும் சூழல், அதைக் கைக்கொண்டால் நேரும் விளைவுகள் எல்லாம் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. நம் பாடக்குறிப்புகளுக்கு வந்து சேரும்போது சூழலும் விளைவும் உதிர்ந்துபோய்ப் படமும் பெயரும் மட்டுமே மிஞ்சுகின்றன. நோயைச் சொல்லாமல் மருந்துப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதைப் போன்றது இது.

இன்னொரு செய்தியையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த நூலின் எடுத்துக்காட்டுகள் சி பிளஸ் பிளஸ், ஸ்மால்டாக் ஆகிய மொழிகளில் எழுதப்பட்டவை. லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் அந்த இருபத்து மூன்றில் பதினாறு பாங்குகள் மிக எளிமையாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகின்றன என்று கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996-இல் எடுத்துக்காட்டினார். இன்று உங்கள் மாணவர்கள் பெரும்பாலும் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதுகிறார்கள். அம்மொழிகளில் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, வேறொரு ஃபங்ஷனுக்கு மதிப்பாக அனுப்பலாம். ஆகையால் ஒரே வேலைக்கான பல வழிகளில் ஒன்றைத் தேவைக்கேற்ப மாற்றிப் பொருத்தும் ஸ்ட்ராட்டஜி என்ற பாங்குக்கு ஓர் இன்டர்ஃபேஸும் மூன்று கிளாஸ்களும் வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனே போதும். பாங்கின் கருத்து அப்படியே இருக்கிறது, உடல்தான் சுருங்கிவிடுகிறது. கருத்தைப் பிடித்தவர்கள் எந்த மொழிக்குப் போனாலும் அதை எழுதிக்கொள்வார்கள்.

பொதுவாகப் பேசுவதை இத்துடன் நிறுத்திக்கொண்டு, நம் மலையிலேயே உள்ள ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் புராஜெக்ட் தலைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பசுந்தேயிலை எடைக் கணக்கை ஒரு தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். சிறு விவசாயிகள் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிச் சாலையோரம் கொண்டுவருகிறார்கள். தொழிற்சாலையின் வண்டியோ இலை ஏஜென்ட்டின் வண்டியோ வந்து நிற்கிறது. மூட்டை தராசில் ஏறுகிறது, சாக்கின் எடை கழிக்கப்படுகிறது, மழை நாளாக இருந்தால் ஈரத்துக்காக இன்னும் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது, மீதி எடை விவசாயியின் பெயரில் எழுதப்படுகிறது. மாத முடிவில் விலை பெருக்கப்பட்டு, உரத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்தம் போக மீதிப் பணம் கொடுக்கப்படுகிறது. பார்ப்பதற்கு எளிய கணக்கு. எழுதத் தொடங்கினால்தான் அதன் ஆழம் புரியும்.

மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதில் எது மாறும், எது மாறாது என்பதுதான். விலை மாறும். பசுந்தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. தொழிற்சாலைகள் கொடுக்கும் விலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஈரக் கழிவு மாறும், ஏனெனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டும் மாதங்களும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும் மாதங்களும் வேறு. பிடித்தங்களின் வகை மாறும். மாறாதது ஒன்றே: இன்ன நாளில், இன்ன உறுப்பினர், இவ்வளவு எடை இலை கொடுத்தார் என்ற நிகழ்வு. நடந்ததை யாராலும் மாற்ற முடியாது.

இந்தப் பிரிவினையைக் கண்டுகொண்ட மாணவர் பாதி வடிவமைப்பை முடித்துவிட்டார் என்றே சொல்வேன். மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரே ஒரு தொகுதிக்குள் (நிரலின் ஒரு தனிப் பகுதிக்குள்) மறைத்துவைத்து, மற்றத் தொகுதிகளுக்கு அது தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இலேயே தம் கட்டுரையில் வாதிட்டார். வேலையின் படிகளை வரிசையாக எழுதி, படிக்கு ஒரு தொகுதி என்று பிரிப்பதே அந்நாளில் வழக்கமாக இருந்தது; இன்றும் நம் மாணவர்கள் அப்படித்தான் பிரிக்கிறார்கள். பாங்குகள் என்று பின்னால் பெயர் பெற்றவற்றில் பலவும் பார்னஸ் சொன்ன இந்த ஒரு கருத்தின் கிளைகளே. அதனால் பாடத்திட்டத்தில் பாங்குகளுக்கு முன்னதாக அவருடைய கருத்து வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது எடைப் பதிவை நெருங்கிப் பார்ப்போம். சாக்கின் எடை போக இலை 37 கிலோ 400 கிராம் இருக்கிறது, அன்றைய ஈரக் கழிவு பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக 33 கிலோ 660 கிராம் என்ற முடிவை மட்டும் தரவுத்தளத்தில் எழுதிவிடும் மாணவர்களே அதிகம். பத்து நாள் கழித்து ஒரு விவசாயி வந்து, ‘அன்றைக்கு வெயில்தானே அடித்தது, எனக்கு ஏன் கழித்தீர்கள்’ என்று கேட்டால், பதில் சொல்ல அந்தத் தரவுத்தளத்தில் எதுவும் இருக்காது. தராசு காட்டிய எடை, சாக்கின் எடை, அன்று பொருத்திய கழிவு விதி ஆகிய மூன்றும் தனித்தனியே பதிவாக வேண்டும். நிகர எடை அவற்றிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். தவறாகப் பதிவானதைத் திருத்துவதற்குப் பழைய வரியை அழித்து எழுதக் கூடாது. கணக்கர்கள் பேரேட்டில் செய்வதைப் போலவே தவறான வரியை ஈடுசெய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டு, சரியானதைப் புதிய வரியாக எழுத வேண்டும். விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நிற்கும் மென்பொருளுக்கு இது நம்பிக்கையின் அடிப்படை. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் உடன்படமாட்டேன்.

கழிவு விதிக்கு ஸ்ட்ராட்டஜி வேண்டுமா? ஒரே விதி இருக்கும்வரை வேண்டாம். விழுக்காட்டுக் கழிவு, மூட்டைக்கு இத்தனை கிலோ என்ற கழிவு என்று இரண்டு வந்தாலும் ஒரு சாதாரண நிபந்தனை வரியே போதும். படிப்பவருக்கு அதுவே எளிது. மூன்றாவது விதி வந்து, அதுவும் சில வழித்தடங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று ஆகும்போதுதான் நிபந்தனைக்குள் நிபந்தனை முளைக்கிறது. விதிகளைத் தனித்தனி ஃபங்ஷன்களாகப் பிரித்து, எது பொருந்தும் என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்யும் தருணம் அதுவே. வருமோ வராதோ என்றிருக்கும் மாற்றத்துக்காக முன்கூட்டியே கட்டிய அடுக்குகள், உண்மையான மாற்றம் வேறு திசையிலிருந்து வரும்போது வழிமறித்து நிற்கும். விலையைப் பொறுத்தவரை பாங்கே தேவையில்லை. அது நிரலுக்குள் இருக்கவே கூடாது. ‘எந்த நாளிலிருந்து எந்த விலை’ என்ற அட்டவணையாகத் தரவுத்தளத்தில் இருந்தால், கடந்த மாதக் கணக்கை மறுபடி எடுக்கும்போது கடந்த மாத விலையே வரும்.

தராசுக்கு வருவோம். மின்னணுத் தராசுகள் எடையைக் கணினிக்கு அனுப்பும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஒன்று கிலோவில் அனுப்பும், ஒன்று கிராமில். ஒன்று எடை நிலைத்த பிறகு ஒரே ஒருமுறை அனுப்பும், ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்போதே எண்களைப் பொழிந்துகொண்டிருக்கும். அடாப்டர் என்ற பாங்கு பிறந்ததே இதற்காகத்தான். ‘நிலைத்த எடையைக் கிராமில் கொடு’ என்ற ஒரே ஒரு கோரிக்கையை வைத்துக்கொண்டு, தராசுக்கு ஓர் அடாப்டர் எழுதிவிட்டால், மீதி நிரலுக்கு எந்தத் தராசு என்பதே தெரிய வேண்டியதில்லை. இதில் கூடுதல் பயன் ஒன்றும் உண்டு: முன்கூட்டியே சொல்லிவைத்த எடைகளை வரிசையாகக் கொடுக்கும் ஒரு போலித் தராசை எழுதிக்கொண்டால், மாணவர்கள் தராசே இல்லாமல் ஆய்வகத்தில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் சோதித்துப் பார்க்கலாம்.

கிராம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எடையையும் பணத்தையும் தசமப் புள்ளியுள்ள ஃப்ளோட் எண்களாக வைக்க வேண்டாம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் பைத்தானில் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். அந்தப் பின்னங்களை இரும எண்முறையில் முழுத் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்களில் வைத்து, முழுமையாக்குவதை எந்தக் கட்டத்தில் செய்வது என்பதை ஒரே ஒரு இடத்தில் எழுதிவைத்தால் போதும்.

இந்த மலையில் மென்பொருள் எழுதுகிறவர்கள் மறக்கவே கூடாத ஒன்று சிக்னல். கிண்ணக்கொரைச் சாலையிலோ நடுவட்டத்திலோ மழையும் பனிமூட்டமும் சேர்ந்து இறங்கும் மாலையில் இணையம் இருக்கும் என்று நம்பி எழுதிய செயலி அங்கே பயன்படாது. எடை முதலில் கைப்பேசியிலேயே, உதாரணமாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், பதிவாக வேண்டும். அனுப்ப வேண்டியவை ஒரு வரிசையில் காத்திருந்து, தொடர்பு கிடைத்ததும் சர்வருக்குச் செல்ல வேண்டும். அவுட்பாக்ஸ் என்று இதைச் சொல்வார்கள். இங்கேதான் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. கைப்பேசி பதிவை அனுப்புகிறது, சர்வர் ஏற்றுக்கொண்டு எழுதிவிடுகிறது, ஆனால் ‘கிடைத்தது’ என்ற மறுமொழி திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. கைப்பேசியைப் பொறுத்தவரை அனுப்பியது தோல்வி; ஆகவே மறுபடி அனுப்புகிறது. சர்வரில் அதே மூட்டை இருமுறை ஏறிவிடுகிறது. இதற்குத் தீர்வு, ஒவ்வொரு எடைக்கும் தனித்துவமான ஓர் அடையாள எண்ணைக் கைப்பேசியே, எடை போட்ட அந்தக் கணத்திலேயே, உருவாக்கிவிடுவது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய மறுமொழியையே திருப்பித் தர வேண்டும். அப்போது ஒருமுறை அனுப்பினாலும் பத்துமுறை அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். நால்வர் நூலின் இருபத்து மூன்றில் இது இல்லை, ஆனால் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றைவிட நம் மாணவர்களுக்கு இது அதிகம் பயன்படும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

மறுமுயற்சிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தை இருமடங்காக்கி, அதில் கொஞ்சம் தற்செயலான வேறுபாட்டையும் சேர்த்தால், டவர் மீண்டு வந்ததும் அத்தனை கைப்பேசிகளும் ஒரே நொடியில் சர்வர் மீது பாய்வதைத் தவிர்க்கலாம்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து எழுதிய படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்குகின்றன. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும். ஒரே ஹட்டியில் (படுகர் சிற்றூரில்) ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் இருக்கக்கூடும். எனவே பெயரை அடையாளமாக வைக்காமல் உறுப்பினர் எண்ணை வைக்க வேண்டும். தமிழில் பெயரைத் தட்டச்சு செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. பெயர் உள்ளே வரும் வாசலிலேயே இவ்விரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால், இந்தக் காரணத்தால் தேடும்போது கிடைக்காத பெயர் என்று ஒன்று இருக்காது.

ஒரு வகைப் பொருள் நிரல் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்படி செய்யும் சிங்கிள்டன் என்ற பாங்கு பற்றி ஒரு வார்த்தை. மாணவர் புராஜெக்ட்களில் நான் அதிகம் காண்பது இதைத்தான், எழுத மிகவும் எளிது என்பதால் இருக்கலாம். நிரலின் எந்த மூலையிலிருந்தும் எட்டக்கூடிய ஒரு பொதுப் பொருள், எந்த ஃபங்ஷன் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது; ஒரு சோதனையில் மாறிய மதிப்பு அடுத்த சோதனையைக் கெடுத்துவிடுகிறது. நூலாசிரியர்களில் ஒருவரான எரிக் காமாவே, நூலைத் திருத்துவதாக இருந்தால் சிங்கிள்டனை நீக்கிவிடலாம் என்பது தம் கருத்து என்று 2009-இல் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். தரவுத்தளத் தொடர்பை வேண்டிய ஃபங்ஷனுக்கு அளபுருவாக (வெளியிலிருந்து தரும் உள்ளீடாக) கொடுத்துவிடுவது நேர்மையான வழி.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட பாங்கை நொடியில் எழுதித் தந்துவிடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு மாணவர் கேட்கலாம். அந்தக் கருவிகள் வந்திருப்பதாலேயே இது இன்னும் அவசியம் என்பேன். எழுதிக் கிடைப்பது எளிதாகிவிட்டது. எழுதப்பட்டதில் தேவையற்ற அடுக்கு எது, விடுபட்ட சூழல் எது என்று படித்துச் சொல்லும் திறமைக்கே இனி வேலை. அந்தத் திறமை மாற்றங்களைச் சந்தித்த நிரலைக் கையாளுவதால் மட்டுமே வரும்.

இங்கிருந்தே என் இரண்டாவது கோரிக்கை பிறக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைப்பு, புதிய நிரல், தேர்வு முடிந்ததும் அனைத்தும் குறுந்தகட்டிலும் அலமாரியிலும் அடைபடுவது என்ற வழக்கத்தை மாற்றுங்கள். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது முதல், பிறர் எழுதிய நிரலை வரலாற்றோடு சேர்த்து வாங்கித் தொடர்வது யாருக்கும் கைவரக்கூடியதாகிவிட்டது. சீனியர்கள் எழுதிய எடைக் கணக்கை ஜூனியர்கள் ஏற்றெடுத்து, கொடுக்கப்பட்ட மாற்றங்களைச் செய்யட்டும். மதிப்பெண்ணின் ஒரு பகுதி அந்த மாற்றத்துக்கும், ஒரு பகுதி அடுத்து வருபவர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்கும் சோதனைகளுக்கும் என்று ஒதுக்குங்கள். மோசமாகப் பெயரிட்ட மாறி ஒன்று எத்தனை மணி நேரத்தைத் தின்னும் என்பதைச் சீனியரின் நிரலில் அனுபவித்த மாணவர், தம் நிரலில் பெயர் வைக்கும்போது கவனமாக இருப்பார். வேலைக்குச் சேரும் நாளில் அவர் கைக்கு வரப்போவதும் வேறு யாரோ எழுதிய நிரல்தான்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை ஒரு துறையால் மாற்ற முடியாது என்பதை அறிவேன். ஆனால் புராஜெக்ட் தலைப்பும், துறைக்குள் நடக்கும் மதிப்பாய்வுகளில் கேட்கும் கேள்விகளும் உங்கள் கையில் இருக்கின்றன. வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு துறை முன்வந்தாலும், சனிக்கிழமைகளில் நேரில் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து நிரலைப் படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம். எடைக் கணக்கு மென்பொருளுக்கான மாற்றக் கோரிக்கைகளின் பட்டியலையும் எழுதித் தருகிறேன். அதில் முதலாவது இது: ஓர் உறுப்பினர் மாதத்தின் நடுவில் தம் தோட்டத்தை இரண்டு மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார், பிரிப்பதற்கு முன் வந்த இலையின் பணம் தந்தைக்கும், பின் வந்த இலையின் பணம் மகள்களுக்கும் சேர வேண்டும், தந்தை வாங்கிய உர முன்பணம் மூவருக்குள்ளும் அவர்கள் ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிடிக்கப்பட வேண்டும், முந்தைய மாதங்களின் கணக்கில் ஒரு பைசாகூட மாறக் கூடாது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மென்பொருள் உருவாக்குநர்